எதிர்மையும் மிகுதியும்: சொல்லொப்புமையில் விடை காண ஓர் அச்சுமுறை

சொல்லொப்புமை வினா நான்கு சொற்களால் ஆன ஒரு விகிதம். முதல் இரண்டுக்கும் இடையே எந்த உறவோ, அதே உறவு அடுத்த இரண்டுக்கும் இடையே இருக்க வேண்டும். அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் உருவகத்தை விளக்கும்போதே இந்த நான்குறுப்பு அமைப்பைக் காட்டியிருக்கிறார்: பகலுக்கு மாலை எப்படியோ, வாழ்வுக்கு முதுமை அப்படி. இன்று எட்டாம் வகுப்பு மாணவர்கள் உதவித்தொகைக்காக எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வின் மனத்திறன் தாள் தொடங்கி, வேலைவாய்ப்புத் தேர்வுகள் வரை இவ்வகை வினாக்கள் இடம்பெறுகின்றன. பயிற்சிக்கென எழுதப்படும் நூல்கள் உறவுகளை வகைபிரித்துத் தருவது வழக்கம்: ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், முழுமையும் உறுப்பும், கருவியும் வினையும், அளவு மிகுதி என்று பட்டியல் நீளும். அதில் எதிர்ச்சொல்லும் அளவு மிகுதியும் தனித்தனி அறைகளில் இருக்கும்.

இந்தப் பிரிவினை பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். எதிர்மையும் மிகுதியும் ஒரே அச்சின் மீது நிகழும் இரு செயல்கள். அச்சையும் அதன் நடுப்புள்ளியையும் காணாமல் விடை தேடுகிறவர், சரியான விடையைத் தொட்டாலும் தற்செயலாகவே தொடுகிறார்.

ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். சூடு : குளிர்ச்சி :: வெதுவெதுப்பு : ? விடைத்தெரிவுகள் கொதிப்பு, இளங்குளிர், உறைகுளிர். ‘எதிர்ச்சொல்’ என்ற பெயர்ச்சீட்டு மட்டும் கையில் இருந்தால் கொதிப்பை விலக்கலாம். மற்ற இரண்டில் ஒன்றைத் தேர அது உதவாது. இரண்டுமே வெதுவெதுப்புக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவை. வெதுவெதுப்பு நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவே மறுபக்கம் தள்ளி நிற்பது இளங்குளிர். ஆகவே அதுவே விடை. ‘எதிர்ச்சொல் வினா’ என்று பெயரிட்ட ஒன்றைத் தீர்த்துவைத்தது அளவுதான்.

எட்வர்ட் சபீர் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1944-இல் வெளிவந்த, அளவுப்படுத்தல் பற்றிய கட்டுரை இதற்கு அடித்தளம் இட்டது. பெரிது, சிறிது போன்ற சொற்கள் தாமே நிலையான பண்புகளைக் குறிப்பதுபோலத் தோன்றினாலும், அவற்றுக்குள் ஓர் ஒப்பீடு ஒளிந்திருக்கிறது என்றார் அவர். சிறிய யானை பெரிய எறும்பைவிடப் பன்மடங்கு பெரியது. ஒவ்வொன்றும் தன் இனத்துக்குரிய நடுநிலையிலிருந்து அளக்கப்படுகிறது. அந்த நடுநிலை எது என்பதைச் சொல்லாமலே இச்சொற்களை நாம் புரிந்துகொள்கிறோம். ஒப்புமை வினாவில் நாம் செய்ய வேண்டியது, சொல்லாமல் விட்ட அந்தப் புள்ளியை வெளிப்படையாகக் குறித்துக்கொள்வது.

நடுப்புள்ளியைப் பற்றித் தமிழ் உரைமரபுக்கு நல்ல தெளிவு இருந்தது. மறுப்புப் பொருளை அன்மை, இன்மை, மறுதலை என மூன்றாகப் பிரித்துப் பேசியது அம்மரபு. அதுவல்லாத பிறிதொன்று அன்மை. அது இல்லாத நிலை இன்மை. அதற்கு நேர் எதிராக நிற்பது மறுதலை. அன்பு இல்லாத இடம் அன்பின்மை. வெறுப்பு அதற்கும் அப்பால் இருக்கிறது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தை விளக்கும் பரிமேலழகர் பகை, நொதுமல், நட்பு என மூன்று நிலைகளைச் சேர்த்துச் சொல்வார். நட்புக்கும் பகைக்கும் நடுவே, இரண்டும் அற்ற நிலைக்கு நொதுமல் என்று தனிச்சொல்லே இருந்திருக்கிறது. எதிர்ச்சொற்களை இரண்டிரண்டாக மனப்பாடம் செய்யும் பள்ளிப் பழக்கத்தில் இந்த மூன்றாவது இருக்கை காணாமல் போய்விட்டது. அது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

நட்பு : பகை :: புகழ்ச்சி : ? என்ற வினாவுக்குப் ‘பாராட்டின்மை’, ‘இகழ்ச்சி’ என இரண்டு தெரிவுகள் தரப்பட்டால் இகழ்ச்சியே விடை. பகை என்பது நட்பின் மறுதலை, வெறும் இன்மை அன்று. நட்பு : நொதுமல் என்று வினா தொடங்கியிருந்தால் பாராட்டின்மையே பொருந்தும். இந்த இரண்டையும் ‘எதிர்ச்சொல்’ என்ற ஒரே பெயரில் அடக்குவது எவ்வளவு தவறானது என்பது இங்கே தெளிவாகும்.

சில எதிரிணைகளில் நடுப்புள்ளி கிடையாது. ஒற்றை எண், இரட்டை எண் என்பதில் ஒன்று இல்லையென்றால் மற்றது உண்டு. இன்மையே மறுதலையும் ஆகிறது. ‘மிக இரட்டையான எண்’ என்று சொல்ல வழியில்லை. நடுவிடம் உள்ள எதிர்களையும் இல்லாத எதிர்களையும் அரிஸ்டாட்டிலே பிரித்துக் காட்டினார். ஜான் லயன்சின் 1977-ஆம் ஆண்டுச் சொற்பொருளியல் நூல் அதை மேலும் விரித்தது. வாங்குதல்–விற்றல், ஆசிரியர்–மாணவர் போன்றவை ஒரே நிகழ்வை இரு பக்கத்திலிருந்து பார்ப்பவை; அவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை. வினா அமைப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று: நடுவிடம் உள்ள இணையையும் இல்லாத இணையையும் ஒரே விகிதத்தின் இரு பக்கங்களில் வைக்கக் கூடாது. ஒற்றை : இரட்டை :: பெரிது : சிறிது என்பது மேலோட்டமாகச் சரியாகத் தோன்றினாலும் உறவு ஒன்றல்ல.

இனி மிகுதிக்கு வருவோம். தொல்காப்பிய உரியியல் உறு, தவ, நனி என்ற மூன்றையும் மிகுதிப் பொருள் தரும் சொற்களாகக் கூறும். நன்னூல் சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்து ஆறாக்கும். இச்சொற்களின் நடத்தையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றுக்குத் திசை இல்லை. உவகையோடு சேர்ந்தால் கழிபேருவகை. துயரோடு சேர்ந்தால் கழிபெருந்துயர். நனி நன்று, நனி தீது இரண்டும் இயல்பான தொடர்களே. அச்சின் எந்தப் பக்கத்தில் நின்றாலும், நின்ற பக்கத்திலேயே நடுப்புள்ளியை விட்டு இன்னும் விலக்கிவிடுவதுதான் மிகுதிச்சொல்லின் வேலை. எதிர்ச்சொல் அப்புள்ளியைக் கடந்து மறுபக்கம் போகிறது. கணக்கின் மொழியில், மிகுதி என்பது ஒன்றைவிடப் பெரிய எண்ணால் பெருக்குவது. மறுதலை, குறை ஒன்றால் பெருக்குவது. இன்மை, சுழியால் பெருக்குவது. மூன்றும் ஒரே புள்ளியிலிருந்து அளக்கப்படும் பெருக்கல்கள் என்பதால்தான் அவற்றைத் தனி அறைகளில் வைக்க முடியாது என்கிறேன்.

குறைகூறல் : தூற்றல் :: பாராட்டு : ? என்ற வினா இதைச் சோதிக்கிறது. பழிப்பு, ஆமோதிப்பு, துதி ஆகியவை தெரிவுகள். இரண்டாம் இணை அச்சின் மறுபக்கத்தில் இருப்பதைக் கண்டு பழிப்பைத் தேர்பவர் உண்டு. ஆனால் கேட்கப்பட்டிருப்பது பக்கம் மாறுவது அன்று, விலகல் கூடுவது. விடை துதி. விசும்பல் : கதறல் :: புன்னகை : ? என்பதில் இன்னொரு நுட்பம் உண்டு. விசும்பலுக்கும் கதறலுக்கும் நடுவே அழுகை இருக்கிறது. வினா ஒரு படியைத் தாண்டிச் செல்கிறது. எனவே சிரிப்பு போதாது, வெடிச்சிரிப்புதான் ஈடாகும்.

மிகவும் ஏமாற்றுபவை ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகளில் நிற்கும் சொற்கள். தூறல் : பேய்மழை :: தென்றல் : ? என்ற வினாவுக்கு வாடை, சூறாவளி என்று தெரிவுகள் இருந்தால், தென்றலும் வாடையும் எதிரெதிர் என்ற பழக்கம் முதலில் முன்வரும். அந்த எதிர்மை திசை பற்றியது: ஒன்று தெற்கிலிருந்து வருவது, மற்றது வடக்கிலிருந்து வருவது. தூறலும் பேய்மழையும் வேறுபடுவது வலுவில். தென்றல் என்ற சொல் திசையையும் மென்மையையும் சேர்த்தே சுமப்பதால், முதல் இணைதான் இங்கே எந்த அச்சு என்று நமக்குச் சொல்ல வேண்டும். சூறாவளியே விடை. இதே வினாவில் பேய்மழைக்குப் பதிலாக அடைமழை என்று எழுதினால் வினா குலைந்துவிடும். அடைமழை விடாது பெய்வது; அதன் மிகுதி வேகத்தில் இல்லை, நீடிப்பில் இருக்கிறது. வினாத்தாள் எழுதுபவர்கள் இந்த இடத்தில் தடுமாறினால், நன்கு யோசித்த மாணவருக்குத்தான் மதிப்பெண் போகும். இது எனக்கு மிகவும் உறுத்தலான விஷயம்.

அச்சு ஒன்றுதானா என்பதைச் சோதிக்கத் தமிழ்ப் பேச்சிலேயே கருவிகள் உள்ளன. ‘சூடாக இருக்கிறது, ஏன், கொதிக்கவே கொதிக்கிறது’ என்பது இயல்பாக ஒலிக்கிறது. ‘கொதிக்கிறது, ஏன், சூடாகவே இருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஏன்’ வைத்துத் தொடரை நீட்ட முடிந்தால், பின்வரும் சொல் அதே அச்சில் மேற்படியில் நிற்கிறது என்று பொருள். ‘தூறுகிறது, ஏன், வாடையே அடிக்கிறது’ என்பது குழப்பமாக நின்றுவிடும். எதிர்மைக்கு ‘அதுவும் இல்லை, இதுவும் இல்லை’ என்ற தொடர் போதும். ‘சூடாகவும் இல்லை, குளிர்ச்சியாகவும் இல்லை’ என்றால் நடுவிடம் உண்டு. ‘எண் ஒற்றையாகவும் இல்லை, இரட்டையாகவும் இல்லை’ என்றால் ஏதோ தவறு. இவ்விரு தொடர்களையும் பழகிக்கொண்ட மாணவருக்கு உறவுகளின் நீண்ட பட்டியல் தேவைப்படாது.

அச்சின் இரு பக்கமும் எப்போதும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதும் உண்மை. சிறிய : சின்னஞ்சிறிய :: பெரிய : பென்னம்பெரிய என்பது அழகாக அமைகிறது. புதிய : புத்தம்புதிய :: பழைய : ? என்று கேட்டால் அதே வார்ப்பில் ஒரு சொல் வாயில் வருவதில்லை. காரணம் அச்சின் வடிவத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். புதுமைக்கு முடிவு உண்டு: இப்போதுதான் உண்டானது, இன்னும் யாரும் தொடாதது. அதைவிடப் புதிதாக ஒன்று இருக்க முடியாது. பழமைக்கு அப்படி எல்லை இல்லை. இன்னும் பழையது எப்போதும் இருக்கும். நீளத்திலும் இதே சாய்வைக் காணலாம். ‘எவ்வளவு நீளம்?’ என்று கேட்பவர் அது நீண்டது என்று முன்கூட்டி முடிவு செய்வதில்லை. ‘எவ்வளவு குட்டை?’ என்று கேட்பவர் முடிவு செய்துவிட்டார். இரு பக்கமும் சமமென்று கருதி அமைக்கும் வினா இந்தச் சாய்வில் சறுக்கும்.

கணினிகளின் அனுபவமும் இதற்குத் துணை நிற்கிறது. ஒப்புமையை ஓர் இணைகரமாகப் பார்க்கும் மாதிரியை ருமெல்ஹார்ட்டும் ஆபிரகாம்சனும் 1973-இல் விலங்குப் பெயர்களைக் கொண்டு முன்வைத்தனர். 2013-இல் மிக்கோலோவும் குழுவினரும் சொற்களை எண்தொடர்களாக மாற்றி, அரசனிலிருந்து ஆணைக் கழித்துப் பெண்ணைக் கூட்டினால் அரசிக்கு அருகில் வந்து சேரும் என்று காட்டினர். அவர்களின் சோதனைத் தொகுப்பில் எதிர்ச்சொல் பகுதி பெரிதும் முன்னொட்டு சேர்த்து ஆக்கிய ஆங்கிலச் சொற்களால் ஆனது. கிளாட்கோவா, டிரோஸ்ட், மட்சுவோகா ஆகியோர் 2016-இல் வெளியிட்ட தொகுப்பு 40 வகைகளைக் கொண்டது. படிநிலை உள்ள எதிர்கள், இருநிலை எதிர்கள், மிகுதி வேறுபாடுள்ள ஒருபொருட்சொற்கள் எல்லாம் அதில் தனித்தனி வகைகள். கூட்டல் கழித்தல் முறை இவ்வகைகளில் தடுமாறியது. எதிர்ச்சொற்கள் ஒரே சூழலில் வருவதால் எண்வெளியில் அருகருகே அமைந்துவிடுகின்றன என்பது பலரும் சொல்லும் காரணம். அதனுடன் இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். கூட்டல் என்பது எல்லா இடத்திலும் ஒரே அளவு, ஒரே பக்கம் நகர்த்துவது. எதிர்மையோ பிரதிபலிப்பு. சூட்டிலிருந்து குளிருக்குப் போகும் அதே செயல் குளிரைச் சூட்டுக்குத் திருப்புகிறது. எல்லா எதிர்களுக்கும் பொதுவான ஒற்றை நகர்வு இருக்கவே முடியாது.

தமிழுக்கென இத்தகைய சோதனைத் தொகுப்பு ஒன்றை அமைப்போர், சொல்லிணைகளோடு மூன்று குறிப்புகளையும் சேர்க்க வேண்டும்: எந்த அச்சு, உறவு இன்மையா மறுதலையா, நடுப்புள்ளியிலிருந்து எத்தனை படி. அறிந்த–அறியாத என மறுப்பு வினைக்குள்ளேயே புகுந்துவிடும் மொழியில், இலக்கண வடிவால் வரும் எதிர்களைச் சொற்களால் வரும் எதிர்களிலிருந்து விலக்கி வைப்பதும் அவசியம். அறியாமை என்பது அறிவின் இன்மை. மூடநம்பிக்கை அதன் மறுதலைக்கு நெருங்கியது. இரண்டையும் ஒரே பத்தியில் அடுக்கிய தொகுப்பு, மாணவரையோ எந்திரத்தையோ அளக்கத் தகுதியற்றது.