கதிரவன் தந்த குளிர்ச்சி



வெப்பத்தைத் தரும் ஞாயிறு குளிர்ச்சியையும் தருமா என்று என் வகுப்புகளில் மாணவர் வினவியதுண்டு. தரும் என்பதே விடை. அவ்விடைக்குப் பின்னே நெடியதொரு வரலாறு இருக்கிறது.

செடியினின்று பறித்த பின்னும் காய்கனிகள் உயிர்த்துக்கொண்டே இருக்கின்றன. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் அவ்வுயிர்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. அவை விரைவில் வாடி அழுகுகின்றன. ஆதலால், சந்தை கலையுமுன் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவதன்றிச் சிறு உழவனுக்கு வேறு வழியில்லை. குளிர்ச்சி இருப்பின் அவன் காத்திருக்கலாம். காத்திருக்க இயன்றவனே விலை பேச இயலும்.

ஆனால் குளிர்ச்சி நெடுங்காலம் செல்வர்க்கே உரியதாயிருந்தது. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர், ஏரியில் உறைந்த பனிக்கட்டியை 1833ஆம் ஆண்டு கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், அப்பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டதேயாகும். அது வெள்ளையர் மாளிகைப் பானங்களைக் குளிர்வித்தது. உழவனின் கத்தரிக்காயைக் காக்க வரவில்லை.

1859இல் பிரெஞ்சுக்காரரான பெர்டினாண்டு கர்ரே புதிய பொறியொன்றை அமைத்தார். அம்மோனியா கரைந்த நீரைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாய்ப் பிரியும். அதனை நீர்மமாக்கி மீண்டும் ஆவியாக விட்டால், சுற்றியுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். இதற்கு வேண்டுவது சூடு ஒன்றே. அச்சூட்டை ஞாயிற்றினிடமே பெறலாம் எனக் காட்டியவர் ஒகுஸ்தென் மூஷோ. அவர் என்னைப் போன்ற ஒரு பள்ளி ஆசிரியர், கணிதம் கற்பித்தவர். 1878ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில், பெருங்கண்ணாடியால் வெயிலைக் குவித்து, அதன் வலிமையால் பனிக்கட்டி செய்து காட்டினார். கண்டோர் வியந்தனர், பொற்பதக்கமும் கிடைத்தது. எனினும் நிலக்கரி மலிவாயிருந்தமையால், அவர் முயற்சி ஆதரவின்றி நின்றது.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 6 விழுக்காட்டை மின்சாரமாக்கும் சிலிகான் மின்கலத்தை வெளியிட்டது. தொடக்கத்தில் அதன் விலை மிக உயர்வு; பல ஆண்டுகளில் படிப்படியாகக் குறைந்தது.

அதன் பயன் ஆப்பிரிக்கச் சந்தைக்கும் வந்தது. நைஜீரியாவில் நயமேக்கா இக்கெக்வோனு என்பவர் 2015இல் கோல்டுஹப்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். சந்தையருகே ஆள் நுழையத்தக்க குளிர் அறை. கூரையில் கதிரொளித் தகடுகள். இரவுக்கு மின்சேமக் கலங்கள். உழவர் அறையை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஒரு பெட்டிக்கு ஒரு நாள் வாடகை கொடுத்தால் போதும். இரண்டு நாளில் கெடும் பொருள் 21 நாள் வரை நிற்கும் என்கிறது அந்நிறுவனம்.

மூஷோவின் பனிக்கட்டிக்கும் இக்குளிர் அறைக்கும் இடையே 137 ஆண்டுகள் கழிந்தன. வெயில் அன்றும் இருந்தது; அழுகிய காயும் அன்றும் இருந்தது. குறைந்த விலையில் கருவியும், ஏழை கொடுக்கத்தக்க வாடகை முறையும் ஒன்றுசேரவே இத்தனை காலம் ஆயிற்று. எனவே, அன்பர்களே, அறிவியல் வரலாற்றைக் கற்கும்போது கண்டுபிடித்தவர் யார் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அது எளியவர் கைக்கு எப்போது வந்தது, ஏன் அத்துணைக் காலம் தாழ்ந்தது என்றும் கேளுங்கள்.