படிக்கப் போகும் பிள்ளைக்கு யார் வீடு?

சிங்கப்பூரில் நம் முன்னோர் கால் வைத்த வரலாற்றை எழுதும்போது, பெரும்பாலும் கடை, கப்பல், பள்ளிவாசல் என்றே எழுதுகிறோம். 1826 இல் ஜாமிஆ சூலியா, 1827 இல் குச்சுப் பள்ளி எனப்பட்ட அல் அப்ரார் என்று அந்தப் பட்டியல் நீளும். படிப்பதற்காக ஊர்விட்டு ஊர் போனவர்களைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. பொன்விழா மலரில் அதைச் சிறிது பதிவு செய்கிறேன்.

1905 இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் 1928 இல் தொடங்கிய ராஃபிள்ஸ் கல்லூரியும் 1949 அக்டோபரில் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. அப்போது பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர்ப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வந்து படித்தார்கள். அங்கு இந்தியவியல் துறையும் அதில் தமிழும் இடம்பெற வேண்டும் எனத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குச் சாமானியரும் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். துறை 1956 இல் தொடங்கியது.

மூன்றே ஆண்டில் நிலைமை தலைகீழானது. 1959 இல் பல்கலைக்கழகம் இரு பிரிவுகளாக, இந்தியவியல் துறை கோலாலம்பூர் சென்றது. 1962 இல் இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. தனிநாயகம் அடிகளார் அங்கே துறைத் தலைவராக இருந்தபோதுதான், 1966 இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. தமிழை மேற்படிப்பாகப் படிக்க விரும்பிய சிங்கப்பூர்ப் பிள்ளை இப்போது வடக்கே ரயில் ஏற வேண்டியதாயிற்று. 1965 க்குப் பிறகு ஊர் மாறுவது நாடு மாறுவதாகவும் ஆனது.

அந்த ரயில் புறப்பட்ட தஞ்சோங் பகார் நிலையம் 1932 முதல் 2011 வரை இயங்கியது. அதே வட்டாரத்தில்தான் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946 இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பள்ளிக்கும் ரயிலுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆனால் அந்தப் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நெடுந்தூரம். பாடம் ஆங்கிலத்தில், வீட்டிலோ கடைக்கு ஆள் வேண்டும்.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்ததும் அத்தாவின் கடைக்கு வந்தேன். தம்பி முதுகலை படிக்கக் கோலாலம்பூர் போனான். அத்தாவிடம் சரக்கு வாங்கும் ஒருவர் தம் கடை மாடியில் இடம் கொடுத்தார். அவர் அவனிடம் என்ன படிப்பு என்று கேட்கவில்லை. "எந்த ஊர், யார் மகன்?" என்றுதான் கேட்டார். இரண்டு மாதம் வாடகை வாங்கவில்லை. நம் பாட்டனார்கள் இங்கே வந்து இறங்கியபோது கேட்கப்பட்டதும் அதே கேள்விதான். ஊர்க்காரர் கடையிலே படுக்கப் பாயும், ஒருவேளைச் சோறும் கிடைத்தன. அந்த ஏற்பாட்டிலிருந்துதான் நம் சங்கங்கள் பிறந்தன.

தங்கைக்கும் வெளிநாட்டில் முதுகலைக்கு இடம் வந்தது. அந்த நகரத்தில் எங்களுக்குத் தெரிந்த கடையும் இல்லை, வீடும் இல்லை. அம்மா அழுதார், அத்தா யோசித்தார். இடத்தை ஏற்கும் கடைசி நாள் கடந்துபோனது. கட்டணத்துக்கு வழி இருந்தது. பெண் பிள்ளையை நம்பி அனுப்ப ஒரு வீட்டு முகவரிதான் இல்லை.

1982 இல் மெண்டாக்கியும் 1991 இல் சிண்டாவும் வந்தபின் படிப்புக்குக் கைகொடுக்க அமைப்புகள் உள்ளன. நம் சங்கமும் கல்வி நிதி தருகிறது. இனி வேண்டியது ஒரு முகவரிப் பதிவேடு. நம் குடும்பங்கள் இன்று கோலாலம்பூர், சென்னை, லண்டன், மெல்போர்ன் என்று பரவியிருக்கின்றன. முதல் மாதம் ஒரு மாணவருக்கோ மாணவிக்கோ அறை தர முடிந்தவர்கள் பெயர் கொடுத்தால், செயலவை அதைப் பாதுகாத்து வைக்கலாம். முதல் பெயராக எங்கள் வீட்டைப் பதிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூருக்குப் படிக்க வரும் நம் பிள்ளைக்கு இங்கே ஓர் அறை உண்டு.