வில்லிசையில் நுழைந்த வஞ்சகம்

தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த திசையன்விளை வட்டாரத்துக் கோயிற்கொடைகளின் இசை வில்லுப்பாட்டு. மணிகள் கட்டிய வில்லின் நாணை வீசுகோல் அதிரவைக்கும். குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் உடன் முழங்கும். ஏடறியா உழவரும் பனையேறிகளும் இரவெல்லாம் விழித்திருந்து கேட்ட இசை அது. அதனை இசையென மதித்தனரா, இசைக்குத் தாமே காவலர் என்று மார்தட்டியோர்? இல்லை! மேடைக்குத் தெலுங்குக் கீர்த்தனை, தெருவுக்குத் தமிழ்ப்பாட்டு என்றனர். அந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்த கிளர்ச்சியின் விளைவாக, 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று.

மொழிக்காகப் பாட்டு போரிடுவது நம் நாட்டில் மட்டுமன்று. ஆங்கிலத்தின் நிழலில் வாடிய வேல்சு மொழியைக் காக்க 1962-இல் ஒரு சங்கம் எழுந்தது. 1969-இல் தாவித் இவான் முதலானோர் 'சைன்' என்னும் இசைத்தட்டு நிறுவனம் கண்டனர். பாட்டியின் மொழி கிதாரில் ஏறிப் பேரனின் நாவில் நின்றது.

ஆனால், தமிழில் பாடினால் மட்டும் போதுமா? எதைப் பாடுகிறோம் என்பதும் கேள்வியன்றோ?

பொருநை பாயும் பாபநாச மலைப்பகுதியில் நிகழ்வது முத்துப்பட்டன் கதை. பார்ப்பனக் குலத்துப் பட்டன், பழம்பாடல் சக்கிலியர் என்றழைக்கும் அருந்ததியர் வீட்டுப் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விழைகிறான். பெண்களின் தந்தை கேட்டபடி பூணூலை அறுக்கிறான், செருப்புத் தைக்கிறான், இறுதியில் மாடு கவர வந்த கள்வரோடு போரிட்டு மாள்கிறான். இருதார மணமும், பெண்கள் தீப்பாய்ந்ததும் நமக்கு உடன்பாடல்ல. எனினும், சாதிச் சுவரை இத்துணை துணிவுடன் இடித்த பழங்கதை வேறு எத்தனை உண்டு?

பொறுப்பரோ சாதிமான்கள்? அப்பெண்கள் பிறப்பால் பார்ப்பனராம். காட்டிலே கிடந்தவர்களை அருந்ததியர் எடுத்து வளர்த்தனராம்! இப்படி ஒரு புனைவு பாட்டினுள் நுழைந்தது. நாங்குநேரி தந்த ஆய்வாளர் நா. வானமாமலை (1917–1980) இதனைப் பிற்காலச் சேர்க்கை என எடுத்துக்காட்டினார். கதையை ஒழிக்க இயலாதவர்கள் அதன் முதுகெலும்பை முறித்தனர்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) வில்லைச் சீர்திருத்தக் கருவியாக்கினார். அவருடன் பணிபுரிந்த சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வில்லுக்குப் பெருமை வந்தது. பொம்மக்காவுக்கு நீதி வந்ததா?

கொடை நடத்தும் ஊராரை நாம் கேட்பது ஒன்றே. அடுத்த முறை இக்கதை பாடப்படும்போது, பொம்மக்கா தன் தந்தையின் மகளாகவே மணமேடையில் நிற்கட்டும்!