போலிஷ் எழுத்துமுறை வளர்ந்த கதை

போலந்து நாட்டாரின் போலிஷ், ருஷ்ய மொழிக்கு உறவுமொழி. எழுத்து மட்டும் ரோமன். கி.பி. 966-இல் அந்நாட்டை ஆண்ட மியெஷ்கோ ரோமத் திருச்சபை வழியாகக் கிறிஸ்தவம் தழுவினார். லத்தீன் எழுத்தும் கூடவே வந்தது. ஆனால் லத்தீனில் இல்லாத ஒலிகள் போலிஷில் பல. 1440 வாக்கில் கிராக்கோ பல்கலைக்கழக அறிஞர் யாகுப் பார்கோஷ் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அச்சு வந்தபின், எழுத்தின் மேல் புள்ளி, கோடு, கீழே வால், இரண்டெழுத்துச் சேர்க்கை என்று வழி கண்டார்கள்.

இன்று போலிஷ் பிள்ளைகளைப் படுத்துவது, ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து இருப்பதுதான். நம் ந, ன மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கடலுக்கும் 'இருக்கலாம்' என்பதற்கும் உச்சரிப்பு ஒன்றே. கடலில் ஆர், இசட் இரண்டும் சேர்ந்து வரும்; மற்றதில் புள்ளி வைத்த இசட். ஏன் இந்த வேண்டாத வேலை? கடல் சார்ந்தது 'மோர்ஸ்கி' எனும்போது அந்த ஆர் வெளியே வந்துவிடும். வண்டி 'வூஸ்', பன்மையில் 'வொஸி'. அதனால் ஒருமையிலும் கோடு போட்ட ஓ எழுதுகிறார்கள். இது பழைய பேரேடு மாதிரி. இன்றைய கணக்குக்குத் தேவையில்லாத வரிதான். ஆனால் சொல் எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும்.

1795-இல் ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தை முழுதாகப் பங்கு போட்டுக்கொண்டன. 123 ஆண்டுகள் தேசப்படத்தில் அந்த நாடே இல்லை. 1860-களில் ருஷ்ய அரசு, போலிஷ் பாடநூல்களை ருஷ்ய எழுத்தில் அச்சிட்டுப் பார்த்தது, எடுபடவில்லை. பிரஷ்யாவின் பிடியிலிருந்த வ்ஜெஷ்னியா ஊரில் 1901-இல், மதபாடத்தை ஜெர்மனில் சொல்ல மறுத்த பள்ளிப் பிள்ளைகள் அடி வாங்கினார்கள். எதிர்த்துக் கேட்ட பெற்றோருக்குச் சிறை.

1918-இல் நாடு திரும்பக் கிடைத்தது. ஆனால் எழுதும் முறையில் அறிஞர்களிடையே தகராறு தீரவில்லை. 1936-இல்தான் பெரிய சீர்திருத்தம் வந்தது: மரியா என்ற பெயரில் ஜே போய் ஐ வந்தது இப்படித்தான். போலிஷ் மொழி மன்றம் 2024-இல் அறிவித்த புது விதிகள் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வார்சாக்காரர் போன்ற ஊர்க்காரப் பெயர்களுக்கு இப்போது பெரிய எழுத்து.

ஒன்றைக் கவனியுங்கள். அரசும் பள்ளியும் கைவிட்ட காலத்தில் அந்த மொழி வீட்டுக்குள்ளே வாழ்ந்தது. அம்மா சொல்லிக்கொடுத்த எழுத்தும் வீட்டில் வைத்திருந்த புத்தகமும்தான் துணை. வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நாமும் இதை மனசில் வைக்கலாம்.