சாவடியும் சமுதாயக் கூடமும்

ஓசூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில் சமுதாயக் கூடம் எழும்புகிறது என்றதும், செலவு எவ்வளவு, எத்தனை பேர் அமரலாம் என்று கணக்குப் பார்ப்பார் பலர். நாம் கேட்பது வேறு. எந்தத் தெருவில் எழும்புகிறது?

வீண் கேள்வியன்று, நண்பர்காள்! ஊருக்குப் பொது என்று சொல்லப்பட்ட கட்டடம் முன்பும் ஒன்று இருந்தது. சாவடி என்பது அதன் பெயர். தமிழன் சாவடி என்றான். தெலுங்கரும் கன்னடியரும் ஏறத்தாழ அதே சொல்லைத்தான் சொன்னார்கள். மும்மொழியும் கலந்து புழங்கும் அந்த வட்டாரத்திலே மொழிபெயர்ப்பு வேண்டாத சொல் அது. மொழிபெயர்ப்பு வேண்டாத இன்னொன்றும் இருந்தது: 'எட்டி நில்' என்ற கட்டளை! வழக்குத் தீர்த்ததும், வழிப்போக்கன் படுத்துறங்கியதும் சாவடியிலே. சேரியிலே பிறந்தவனோ தன் வழக்கைத் திண்ணைக்குக் கீழே, மண்ணிலே நின்று சொல்ல வேண்டும். 1792இல் பாராமகால் கம்பெனியார் கைக்குப் போனது. ரீடும் மன்றோவும் வயல் வயலாக நிலம் அளந்தனர். திண்ணைக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட தொலைவை அளக்க அவர்களிடம் சங்கிலி இல்லை.

அதை அளந்து சபையிலே வைத்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் அனைத்தும் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியவை என்றது. பனகல் அரசரின் நீதிக்கட்சி ஆட்சி அதை அரசாணையாக்கியது. வைக்கத்திலே கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே போராட்டம் மூண்ட ஆண்டும் அதுதான் என்பதை மறந்துவிடலாகாது.

1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூக இடையூறுகளை நீக்கும் சட்டம் வந்தது. அப்போது மாகாணப் பிரதமர், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிலே பிறந்த இராசகோபாலாச்சாரியார். இச்சட்டத்துக்கு இடந்தந்த அவரே, ராஜாவின் கோயில் நுழைவு மசோதாவை ஆதரிக்க மறுத்தார். கிணற்றடி வரை வரலாம், கருவறைப் பக்கம் வராதே என்பது எந்த நியாயமோ!

1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தண்டனை வகுத்தது. கதவை அடைத்தால் குற்றம் என்றாயிற்று. அடைக்காமலே அடைக்கும் தந்திரம் ஒன்று உண்டே! கூடத்தை ஊர்த்தெருவின் நடுவே, கோயிலை ஒட்டிக் கட்டிவிட்டால் போதும். பூட்டு தேவையில்லை; சேரித் திருமணம் தானே அந்தப் பக்கம் வரத் தயங்கும். சேரிக்குத் தனியாக இன்னொன்று கட்டிக் கொடுத்தாலோ, இரண்டு 'பொது' பிறந்துவிடும்.

1980ஆம் ஆண்டையொட்டி ஓசூரிலே அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் தொழிற்சாலை கண்டன. ஒரே இயந்திரத்தருகே, ஒரே முறைவேளையிலே எல்லாச் சாதியாரும் நின்றனர். சங்கு ஊதியபின் அவரவர் திரும்பியது அவரவர் தெருவுக்கே.

தெருவையே மாற்றிப் பார்த்தது, திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் 1998இல் கலைஞர் திறந்துவைத்த முதல் பெரியார் நினைவுச் சமத்துவபுரம். நூறு வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. சாதிவாரியாகத் தெரு பிரிக்காமல் கலந்து குடியமர்த்தினர். கூடம் ஒன்று, இடுகாடும் ஒன்று. அங்கே 'எந்தத் தெருவில்' என்ற கேள்விக்கே இடமில்லை. பழைய ஊர்களிலே அந்தக் கேள்வியை எழுப்ப இடம் உண்டு: குடியரசு நாளிலும் மே நாளிலும் கூடுகிற கிராம சபை. இடத்தேர்வு அங்கே வரும்போது, நம் இளைஞர்கள் சேரித் தோழர்களோடு முன்வரிசையிலே அமர்ந்திருக்கட்டும்.