ஏற்காடு: ஒரு மலையும் சில கோடுகளும்

ஏற்காட்டின் வரலாறு என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒரு தகவல் விடாமல் வந்து நிற்கும்: 1842இல் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ இந்த மலையைக் கண்டுபிடித்தாராம். லாட்ஜ் வெப்சைட், டிராவல் பிளாக், யூடியூப் வீடியோ என்று எங்கே போனாலும் அதே வரிதான், காப்பி பேஸ்ட். இதில் சின்னச் சிக்கல் ஒன்று உண்டு. மன்றோ 1827 ஜூலையிலேயே பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்துவிட்டார். செத்துப் பதினைந்து வருஷம் கழித்து யாரும் மலையேற முடியாது.

ஆண்டைக்கூட மன்னித்துவிடலாம். 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லைத்தான் விழுங்க முடியவில்லை. அந்த மலையில் ஊர்கள் இருந்தன, ஊர்களுக்குத் தலைவர்கள் இருந்தார்கள், உச்சியில் சாமி இருந்தது. இத்தனையும் இருந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆனாலும் மன்றோவின் பெயர் இங்கே வந்து ஒட்டிக்கொண்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1842க்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால் அவர் உண்மையிலேயே இந்த வட்டாரத்தில் ஏழு வருஷம் வேலை பார்த்தவர். அப்போது அவர் ஆளுநர் இல்லை. புதிதாகக் கைக்கு வந்த எல்லைச் சீமையில் வரி நிர்ணயிக்க அனுப்பப்பட்ட இளம் ராணுவ அதிகாரி. ஆமாம், எல்லைச் சீமை. 'ஏழைகளின் ஊட்டி' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகும் இந்த மலை, ஒரு காலத்தில் இரண்டு அரசுகளின் எல்லைக்குப் பக்கத்து மலை.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டு. சேலம் நகரத்துக்கு வடகிழக்கே சட்டென்று எழுந்து நிற்கிறது. ஏற்காடு ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டரைத் தாண்டும். இந்த மலை ஒரு நீர்ப்பிரிவும்கூட. வடக்கே இறங்கும் வாணியாறு தென்பெண்ணையைத் தேடிப் போகிறது. தெற்கிலும் மேற்கிலும் இறங்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரிக்குப் போகின்றன. மலையின் எந்தச் சரிவில் பெய்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே மழை இரண்டு வெவ்வேறு ஆறுகளின் தண்ணீராகிவிடும்.

மலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு கணவாய்கள். மேற்கே தொப்பூர், கிழக்கே மஞ்சவாடி. பெங்களூரு போகும் லாரிகள் இன்றைக்கும் முக்கி முனகிக்கொண்டு ஏறும் அதே தொப்பூர்தான். கணவாய்களுக்கு வடக்கே கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் அடங்கிய பாராமகால். தெற்கே தாழ்நிலமான சேலம் பக்கம். இதற்கும் அதற்கும் படை நடத்த வேண்டுமென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு இந்த இரண்டு வழிகளில் ஒன்றில்தான் நுழைய வேண்டும். மைசூர் ஆட்சிக் காலத்தில் இந்த நிலப்பரப்புக்கு இருந்த மதிப்பே அதுதான்.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு சுல்தான் தன் ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதில் பாராமகாலும் சேலமும் கம்பெனிக்கு வந்தன. கோயம்புத்தூர்ச் சீமை திப்புவிடமே இருந்தது. 1799இல் அவர் போரில் இறந்த பிறகுதான் அது கம்பெனி கைக்கு மாறியது. நடுவில் இருந்த ஏழு வருஷமும், இந்தப் பக்கத்தில் ஏறக்குறைய காவிரிதான் எல்லை. வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஏற்காட்டின் லேடீஸ் சீட்டில் நின்றால் தூரத்தில் மேட்டூர் அணையின் தண்ணீர் மினுங்குவது தெரியும். செல்ஃபிக்குப் பின்னணியாக நாம் பயன்படுத்தும் அந்தக் காவிரிதான் அன்றைக்கு இரண்டு அரசுகளின் நடுவே ஓடியது.

புதுச் சீமையை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்கள் மூன்று பேர்: வடக்கே கிரகாம், நடுவில் தர்மபுரியில் மன்றோ, தெற்கே சேலம் பக்கம் மெக்லியோட். இவர்கள் நிலத்தை அளந்தார்கள், தரம் பிரித்தார்கள், இடைத்தரகர் இல்லாமல் உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் முறையை இங்கேதான் சோதித்துப் பார்த்தார்கள். பிற்பாடு சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறையின் முதல் வெர்ஷன் இந்த மலையடிவாரத்தில் எழுதப்பட்டது. பட்டா, சர்வே நம்பர் என்று நாம் இன்றும் தாலுகா ஆபீஸில் மல்லுக்கட்டும் விஷயங்களுக்கு ஒரு வேர் இங்கே இருக்கிறது.

கீழே நிலத்தை அளந்து முடித்த பிறகு பார்வை மேலே திரும்பியது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலையில் காபி பயிரிட்டுப் பார்த்தார். கிரேஞ்ச் எஸ்டேட் அந்தக் காலத்து நினைவாக இன்றும் நிற்கிறது. காபி பிடித்துக்கொண்டது. தோட்டங்கள் பெருகின, பங்களாக்கள் வந்தன, பின்னால் சர்ச்சும் கான்வென்ட்டும் வந்தன. மாண்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல் தொடங்கியது. சில்வர் ஓக் நிழலில் காபி, அதே மரத்தில் ஏறும் மிளகுக் கொடி என்று இன்றைக்கு நாம் 'இயற்கை' என நினைத்து ரசிக்கும் காட்சியில் பாதிக்கு மேல் தோட்டக்காரர்கள் போட்ட டிசைன். சில்வர் ஓக் மரமே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது.

சரி, ஏற்கெனவே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

சேர்வராயனின் பழங்குடிகளுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது, அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூன்று பேர் பிரிந்து சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. வரலாறா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் ஒன்று கவனியுங்கள், அந்தக் கதையில் மூன்று மலைகளும் ஒரே குடும்பம். சேர்வராயன் மலையையும் அவர்கள் தங்களுக்குள் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நாட்டுக்கொரு பட்டக்காரர். ரீட் சங்கிலி எடுத்து அளக்க வருவதற்கு முன்பே இங்கே கோடுகள் இருந்தன என்று அர்த்தம். காபி வந்த பிறகு, அந்த நாடுகளின் குடிகளில் பலர் தோட்டக் கூலிகளானார்கள்.

மலைக்குப் பெயர் வைக்கும் உரிமையும் கீழே போய்விட்டது. இந்த மலையின் அடிப்படைப் பாறைக்குப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இதே வகை என்பதால், 1890களில் ஹாலந்து என்ற புவியியலாளர் வைத்த பெயர் அது. பாறைக்கு மேலே படிந்திருக்கும் பாக்சைட், சுதந்திரத்துக்குப் பிறகு மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக இறங்கியது. நியாயமாக நடந்துகொண்ட ஒரு வெளியாளையும் சொல்ல வேண்டும். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் தன் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். சேர்வராயன் மலையில் கிடைத்த புதிய கற்காலக் கோடரிகளையும் அவர் பதிவு செய்தார். 1842க்கு முன் இங்கே யாருமே இல்லாததுபோல எழுதும் வெப்சைட்டுகளுக்கு அந்தக் கோடரிகளே போதுமான பதில்.

இப்போது 1792இல் பிறந்த அந்தக் கோட்டுக்குத் திரும்புவோம். அது செத்துப்போனது என்றுதானே நினைப்போம்? 1799லேயே இரண்டு பக்கமும் ஒரே கம்பெனிக்குச் சொந்தமாகிவிட்டது. ஆனால் முன்னால் வந்த நிலம் சேலம் மாவட்டமானது, பின்னால் வந்தது கோயம்புத்தூர் மாவட்டமானது. அரசுகளின் எல்லை, மாவட்டங்களின் எல்லையாக வேலை மாறிக்கொண்டது, அவ்வளவுதான்.

1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளிகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. தர்மபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டும். கோயம்புத்தூர் அதில் இல்லை. 1979இல் கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு பிரிந்தது. 1997இல் சேலத்திலிருந்து நாமக்கல் பிரிந்தது. நாமக்கல்லில் இருக்கும் கொல்லிமலை மலையாளிகளுக்குத் தாய் மாவட்டத்தின் அந்தஸ்து தொடர்ந்தது. ஈரோட்டின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகளுக்குத் தொடர எதுவுமே இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு இன்ஹெரிட்டன்ஸ் என்று பெயர். மேலே ஒரு வரி விடுபட்டிருந்தால் கீழே எத்தனை பிரித்தாலும் விடுபட்டதுதான். பல பத்தாண்டுகளாகப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு மனு கொடுத்துக்கொண்டும் போராடிக்கொண்டும் இருக்கிறார்கள் அவர்கள். சான்றிதழ் என்றால் வெறும் காகிதமா? ஹாஸ்டல் சீட், ஸ்காலர்ஷிப், அரசு வேலை, வன உரிமைச் சட்டத்தில் நில உரிமை எல்லாம் அதைத் தொட்டுத்தான் வருகின்றன.

இந்தப் பக்கத்தின் நிலைமையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு, இன்னொன்று கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம். கதையில் வரும் அண்ணன் தம்பிகளின் மலைகளில் இரண்டு. அந்தப் பிரதிநிதித்துவம் எவ்வளவு தூரம் வாழ்க்கையை மாற்றியது என்பது தனி விவாதம். ஆனால் கேட்பதற்கு ஒரு இடமாவது இருக்கிறது. பர்கூருக்கு அதுவும் இல்லை.

சேர்வராயன் உச்சியில் ஒரு குகைக் கோயில் இருக்கிறது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அங்கே சேர்வராயனுக்குப் பக்கத்தில் காவேரியம்மன் இருக்கிறாள். மலை ஒரு சாமி, ஆறு ஒரு சாமி, இரண்டும் ஒரே குகையில். மே மாதத் திருவிழாவுக்கு மலை ஊர்களெல்லாம் அங்கே திரளும். உடன்படிக்கை எழுதியவர்களுக்குக் காவிரி ஒரு எல்லைக்கோடு. மலைக்காரர்களுக்கு அது தங்கள் சாமிக்குப் பக்கத்தில் இருக்கும் சாமி. சட்டப் பட்டியலில் இருப்பது இன்னும் முதல் காவிரிதான்.