உலைக்களத்தின் வாசல்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கொல்லுத் தொழில் கற்பிக்கப்பட்ட வரலாறு

நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டத்தின் வடபகுதியாக இருந்து 1993இல் தனி மாவட்டமாகப் பிரிந்த விழுப்புரம் நிலப்பரப்பில், இரும்பைக் காய்ச்சிக் கருவி வடிக்கும் கொல்லுத் தொழில் மிகப் பழமையானது என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆனால் அத்தொழில் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பது பெரும்பாலும் எழுத்தில் ஏறாமலே போயிற்று. பட்டறையில் நின்றவர்கள் எழுதவில்லை, எழுதிய அதிகாரிகளோ தாதுவையும் விலையையும் கணக்கெடுத்தார்களே தவிர, பயில்வோரைக் கணக்கில் கொள்ளவில்லை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் இத்தொழிலின் ஏற்ற இறக்கத்தை விளங்கிக்கொள்ள, உலைக்களத்திற்குள் யார் நுழைய முடிந்தது என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

தொன்மையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தமிழ்நாட்டில் இரும்பின் பயன்பாடு கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டையும் கடந்து பின்செல்கிறது என்று 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட தொல்லியல் அறிக்கை கூறியது. சிவகளை அகழாய்வை முன்னிறுத்திய அந்தக் காலக்கணிப்பு குறித்து ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. அதே அறிக்கை எடுத்துக்கொண்ட இடங்களுள் ஒன்றான கீழ்நமண்டி, திண்டிவனத்திற்கு வடமேற்கே வந்தவாசிப் பக்கத்தில் உள்ளது. ஆனால் இவ்வட்டாரத்தின் தொழில்நுட்ப வரலாற்றில் இதைவிட முதன்மையானது, பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990களின் தொடக்கத்தில் இனங்கண்ட எஃகு உருக்கிய களமாகும். அங்குக் கிடைத்த மூசைத் துண்டுகளும் (மூசை என்பது உலோகம் உருக்கும் மண்குடுவை) அவற்றில் ஒட்டியிருந்த உலோகமும், ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்று பெயரிட்டு வியந்த உயர்கரி எஃகு இங்கு உற்பத்தியானதைக் காட்டின.

அந்த உருக்குமுறையைப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகள் விரித்து எழுதியுள்ளனர். தேனிரும்பின் சிறு துண்டுகளை ஆவாரங்குச்சியோடும் பச்சிலையோடும் சேர்த்து உமி கலந்த களிமண் மூசையில் இட்டு, வாயை மண்ணால் பூசி அடைத்து, கரியுலையில் பல மணி நேரம் துருத்தி ஊதிக் காய்ச்சிப் பின் மெல்ல ஆறவிடுவார்கள். செடியின் கரி இரும்பினுள் ஏறி, ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கரியுள்ள எஃகுக் கட்டி கிடைக்கும். 1794இல் இத்தகைய கட்டிகளின் மாதிரி இலண்டன் வேத்தியல் கழகத் தலைவர் சோசப் பேங்க்சுக்கு அனுப்பப்பட்டது. அடுத்த தலைமுறையில் மைக்கேல் பாரடே அதைப் பகுத்தாய்ந்தார். மூசையில் எவ்வளவு கரி, எவ்வளவு நேரம் ஊதல், எப்போது நிறுத்தல் என்பதெல்லாம் கையாலும் கண்ணாலும் மட்டுமே அறியப்பட்டவை என்பதால், உருக்குவோர் குடும்பங்கள் தொழிலை விட்டபோது அறிவும் அவர்களோடு முடிந்தது. பின்னர் அதை மீட்க முயன்றோர் எச்சத்தை ஆய்வுக்கூடத்தில் அறுத்துப் பார்த்தே தொடங்க வேண்டியிருந்தது.

உருக்குவோர் வேறு, ஊர்க் கொல்லர் வேறு. ஊர்க் கொல்லர் இரும்பை வாங்கிக் கருவியாக்கியவர். வேளாண்மையின் ஒவ்வொரு பருவத்திற்கும் அவர் தேவைப்பட்டார். ஆடியில் உழவு தொடங்கும்போது தேய்ந்த கொழுவைக் காய்ச்சி அடித்துக் கூராக்குவதும், மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டை (நிலக்கடலைக்கு இவ்வட்டார வழக்கு) களையெடுப்பிற்குக் களைக்கொத்து செய்வதும், தை அறுவடைக்கு முன் கதிரரிவாளுக்குக் கருக்கு வெட்டுவதும், அதாவது வாயில் நுண்பற்களை உளியால் இடுவதும், பனையேறிகளுக்குப் பாளை சீவும் அரிவாள் வடிப்பதும், தச்சர் செய்த வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை ஏற்றுவதும் அவர் வேலை. இதற்கு ஊதியம் அன்றன்று பணமாக அன்றிக் களத்துமேட்டிலேயே நெல்லாக அளக்கப்பட்டது. அப்பங்கிற்கு மேரை என்று பெயர். திண்டிவனத்திற்கு வடக்கே அடுத்துள்ள செங்கற்பட்டுச் சீமையில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் எடுத்த ஊர்க்கணக்குகளில் கொல்லருக்கும் தச்சருக்கும் உரிய மேரை பதிவாகியுள்ளது.

இந்த மேரை முறையே பயிற்சியையும் தாங்கி நின்றது. ஆண்டு முழுதும் உணவு உறுதியாக இருந்ததால், பட்டறையில் ஒரு சிறுவன் பல ஆண்டுகள் வருவாய் ஈட்டாமல் நிற்க முடிந்தது. முதலில் அவனுக்குத் துருத்தி. சீராக ஊதும்போதே தீயின் நிறம் மாறுவதைப் பார்த்துப் பழகுவான். தோள் வலுத்தபின் சம்மட்டி. மூத்தவர் சிறு சுத்தியால் தட்டிக் காட்டும் இடத்தில், தட்டிய சாய்விலேயே அடி விழ வேண்டும். அதன்பின் குறடு பிடித்துப் பட்டடைமேல் இரும்பைத் திருப்புவது. இறுதியில்தான் தோய்ச்சல், பேச்சுவழக்கில் துவைச்சல். வாய்ப்பகுதியைச் செம்மையாகக் காய்ச்சி நீரில் தோய்த்தால் அது கடினமாகும், ஆனால் கண்ணாடிபோல் உடையக்கூடியதாகவும் ஆகும். ஆகவே உடலில் எஞ்சிய சூடு மீண்டும் வாய்க்குப் பரவி, தேய்த்த பரப்பில் வைக்கோல் மஞ்சள் தோன்றி ஊதாவாகி நீலமாகும் வரிசையைக் கவனித்து, கருவிக்கேற்ற நிறத்தில் நிறுத்த வேண்டும். இன்றைய உலோகவியல் இதை ஏறத்தாழ 200 முதல் 300 பாகை செல்சியசு வரையிலான பதப்படுத்தல் என்று அளந்து சொல்கிறது. அளவுமானி இல்லாத பட்டறையில், உலையில் காயும் இரும்பின் சூட்டையும் அதன் ஒளிர்நிறத்தாலேயே அறிய வேண்டும்; இருண்ட மூலையில் உலை அமைவது அதற்காகவே. வெயிலில் அந்த ஒளிர்நிறம் சரியாகத் தெரியாது.

இந்தப் பள்ளிக்கூடம் எல்லோருக்கும் திறந்ததன்று. கொல்லர், தச்சர், கல்தச்சர், கன்னார், தட்டார் ஆகிய ஐந்தொழிற் பிரிவினரைக் கொண்ட கம்மாளர் சமூகத்திற்குள், பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கோ தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கோ மட்டுமே தொழில் சென்றது. பெண்கள் துருத்தி ஊதிய வீடுகளிலும் அவர்கள் தொழிலாளராகக் கணக்கில் வரவில்லை. அதேவேளை, கதவை மூடியவர்களே வேறு கதவுகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்பதையும் மறக்கலாகாது. கரூர்க் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, கொங்குநாட்டுக் கம்மாளர் தம் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும், காலில் செருப்பு அணியவும், வீட்டிற்குச் சாந்து பூசவும் உரிமை அளிக்கிறது. அரசாணை பெற்றுத்தான் செருப்பு அணிய வேண்டிய நிலையில் இருந்தவர்களுக்கு, தொழில் மறைபொருளாக இருப்பதே ஒரே சொத்தாக இருந்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்த ஒழுங்கை இரு பக்கமும் உடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக இருந்த சோசையா மார்ஷல் ஹீத், 1830இல் தென்னார்க்காட்டின் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையிலான இரும்பாலையைத் தொடங்கி, சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து மரக்கரியால் உருக்கினார். கரியின் தட்டுப்பாடும், தாதுவைக் கொண்டுவரும் செலவும், இங்கிலாந்தின் மலிவான இரும்பும் சேர்ந்து, அந்நூற்றாண்டு முடியுமுன்பே ஆலையை மூடச் செய்தன. ஹீத் மட்டும் தாயகம் திரும்பி, எஃகு உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். செப்பீல்டு எஃகுத் தொழில் அதனால் பெரும் பயன் அடைந்தது. தென்னார்க்காட்டுக்கு மிஞ்சியது கப்பலில் வந்த இரும்புப் பாளம். உருக்குவோர் உலை அணைந்தது. ஊர்க் கொல்லர் சந்தை இரும்பை வாங்கித் தொழிலைத் தொடர்ந்தார். விழுப்புரம் இருப்புப்பாதைச் சந்திப்பாக வளர்ந்தபின் கழிவிரும்பும், மோட்டார் வண்டிகள் பெருகியபின் லாரியின் வில்பட்டையும் அவருக்கு நல்ல எஃகாயின.

கைத்தொழிலை வகுப்பறையில் கற்பிக்கும் எண்ணம் சென்னையில் தோன்றியது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியை 1855இல் அரசு ஏற்றது; பின்னாளில் அதன் பொறுப்பிலிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திர உற்பத்தியை அங்கு ஊன்றினார். திண்டிவனத்துக் கொல்லரின் களைக்கொத்து இவ்வகைப் பள்ளிகளின் கண்ணில் படவில்லை.

அரசின் பார்வை சிற்றூர்ப் பட்டறை மீது நேராக விழுந்தது 1953இல்தான்; அதுவும் தவறான கோணத்தில். முதலமைச்சர் இராசகோபாலாச்சாரி அவ்வாண்டு சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளில் புகுத்திய மாற்றுக் கல்வித் திட்டம், நாளில் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி, எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுதல் என்று வகுத்தது. கொல்லர் மகன் கொல்லராகவும், மலம் அள்ளியவர் மகன் அதையே செய்யவும் அரசே வழிசெய்வதாகப் பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் மே மாதத்திலேயே திட்டத்தைக் கைவிட்டார். எதிர்ப்பு நியாயமானது; ஏனெனில் பட்டறையில் கல்வி இருக்கிறது என்று சொன்ன திட்டம், அந்தக் கல்வியை அடுத்த தெருப் பிள்ளைக்கு அளிக்க ஒரு வரியும் எழுதவில்லை.

1950இல் தொடங்கிய நடுவண் அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் விழுப்புரம் உள்ளிட்ட ஊர்களில் வளர்ந்த அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் (ஐ.டி.ஐ.) சாதியைக் கேட்கவில்லை. உழவர் மகனும் ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளையும் பிட்டராக, டர்னராக, வெல்டராக வெளிவந்தனர். இதன் சமூகப் பயன் பெரிது. ஆயினும் உலைத்தொழில் பாடத்திட்டத்தின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டது. வாசல் திறந்தபோது உள்ளே உலை இல்லை என்பதே உண்மை. இதே ஆண்டுகளில் டிராக்டர் கொழுவையும், அறுவடை எந்திரம் கதிரரிவாளையும், டயர் வண்டி இரும்புப் பட்டையையும் அகற்றின. மேரை பணக்கூலியாகி, பயிலும் சிறுவனுக்குச் சோறிட்ட ஏற்பாடு குலைந்தது.

2023 செப்டம்பரில் நடுவண் அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம் கொல்லர், கருவி செய்வோர் உள்ளிட்ட 18 தொழில்களுக்குச் சில நாள் அடிப்படைப் பயிற்சியும், நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகையும், கருவி வாங்க 15,000 ரூபாயும் அறிவித்தது. குடும்பத் தொழிலைச் செய்வோருக்கே உரியது என்ற நிபந்தனையைத் தமிழக அரசு ஏற்க மறுத்து, சாதி வேறுபாடற்ற கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. அதில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. 1953இன் வழக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் முடியவில்லை என்பதை இரு திட்டங்களும் காட்டுகின்றன. கொள்கையளவில் மாநிலத்தின் நிலைப்பாடே சரியானது. ஆனால் முன்னது நாட்களில் அளக்கும் பயிற்சி, பின்னது முதன்மையாகக் கடன். தோய்ச்சலின் நிறத்தைக் கற்க இரண்டும் போதா.

உழவு தொடங்கி அறுவடை வரை ஒரு முழு வேளாண் ஆண்டாவது பட்டறையில் நின்றால்தான் எல்லாக் கருவிகளும் ஒருவர் கைக்கு வரும். 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் ஆலைகளில் பயில்வோருக்கு உதவித்தொகை உறுதிசெய்கிறது. அதே ஏற்பாட்டை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் எஞ்சியுள்ள ஊர்ப் பட்டறைகளுக்கும் நீட்டித்து, கற்பிக்கும் கொல்லருக்கு ஆசிரியர் ஊதியமும், எந்தக் குடும்பத்திலிருந்து வந்தாலும் பயிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் உதவித்தொகையும் அரசு வழங்க வேண்டும்.